ஒரு நாள் குறைந்தது, நாலரை லட்சம் போனது

நான் சரக்குக் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். சொந்த ஊர் தூத்துக்குடி. 2024 ஜூலையில் நடுக்கடலில் இருந்தபோது, நான் 4,59,318 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் எதையும் மறைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. எக்செல்லில் தேதிகளைக் கூட்டத் தெரியாமல் கூட்டினேன், அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் எழுதவில்லை. போன மாதம் எங்கள் கப்பலில் ஒரு ஜூனியர் அவனுடைய ஷீட்டைக் காட்டினான். அதே தப்பு, அச்சு அசலாக. சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கப்பல்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் எங்களைப் போன்றவர்கள் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டால் வரிக் கணக்கில் உள்நாட்டுவாசி. அதற்குக் கீழே என்றால் என்.ஆர்.ஐ. என்.ஆர்.ஐ. என்றால், வெளிநாட்டுக் கடலில் சம்பாதித்து என்.ஆர்.இ. கணக்குக்கு (என்.ஆர்.ஐ.-களுக்கான வங்கிக் கணக்கு) வரும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. 2017-இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை மூலம் அதைத் தெளிவாக்கியது. இந்தியாவில் வரும் மற்ற வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் இந்த 182 என்பது 120 ஆகிவிடலாம், அது எனக்குப் பொருந்தாது. ஆகவே எங்கள் மெஸ் அறையில் எல்லோர் வாயிலும் இருக்கும் எண் 184. வருஷத்தில் 184 நாள் வெளியே இருந்தால் போதும், 365-இல் அதைக் கழித்தால் 181. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்த 184-க்குள் ஒரு பொறி இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. கப்பலில் ஏறிய தேதி, இறங்கிய தேதி என்று சி.டி.சி. புத்தகத்தில் (கப்பல் ஊழியர்களின் பணிப் பதிவுப் புத்தகம்) போட்டிருப்பதை ஒவ்வொரு வரியாக எழுதி வைப்பேன். 2023-24-க்கு ஷீட்டில் மூன்று வரிகள். முதல் கப்பலில் 2022 டிசம்பர் 18-இல் ஏறி 2023 ஜூன் 2-இல் இறங்கினேன். இரண்டாவதில் செப்டம்பர் 15-ஆம் தேதி குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறி, டிசம்பர் 20-இல் சிங்கப்பூரில் இறங்கினேன். மூன்றாவதில் 2024 மார்ச் 15-இல் ஏறினேன், ஆண்டு முடியும்போது அதில்தான் இருந்தேன். நிதியாண்டுக்குள் வரும் நாட்களை மட்டும் எடுத்தால் 63, 97, 17. மொத்தம் 177. இது 184-க்குப் பத்தாது. ஆனால் கப்பலில் இல்லாமலேயே வெளிநாட்டில் இருந்த நாட்கள் உண்டே? இறங்கிய பிறகு விமானத்துக்காக ஹோட்டலில் காத்திருந்தது, ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்தது. அவற்றுக்குத் தனியாக மூன்று வரி போட்டேன். ஜூன் 2 முதல் 5 வரை, டிசம்பர் 20 முதல் 24 வரை, மார்ச் 12 முதல் 15 வரை. முடிவில் தொடக்கத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டு என்று ஃபார்முலா. 4, 5, 4. கீழே ஒரு சம். 190 என்று வந்தது. ஆறு நாள் மிச்சம் என்று பச்சை வண்ணம் வேறு அடித்து வைத்தேன்.

அந்தப் பச்சை வண்ணத்தால் நடந்ததுதான் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. மார்ச்சில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு 10-ஆம் தேதிக்கு டிக்கெட் போடவா என்று கேட்டார்கள். 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி மகளுக்குச் சடங்கு. நான் தாய்மாமன். சீர் கொண்டுபோய் நிற்க வேண்டியவன் நான். ஷீட்டைத் திறந்து பார்த்தேன். தாராளமாக இருக்கிறது. "12-ஆம் தேதிக்குப் போடுங்க சார், வீட்டு விசேஷம்" என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். மாலையும் கழுத்துமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு 12-ஆம் தேதி கிளம்பினேன்.

ஜூலை இரண்டாவது வாரம் ஆடிட்டர் அண்ணாச்சியிடமிருந்து செய்தி. "தம்பி, இந்த 190 எப்படி வந்தது? பாஸ்போர்ட் பக்கம் எல்லாம் போட்டோ பிடிச்சு அனுப்புங்க." அனுப்பினேன். கப்பல் வைஃபையில் ஒரு படம் போவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மறுநாள் காலையில் அவர் குரல் பதிவு. "ஜூன் 2-ஐ ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க தம்பி. சி.டி.சி. வரியிலயும் இருக்கு, ஹோட்டல் வரியிலயும் இருக்கு. டிசம்பர் 20-உம் அப்படித்தான். மார்ச் 15-உம் அப்படித்தான்." மூன்று நாள் போயிற்று. அடுத்து, விமானத்தில் கிளம்பிய நாளும் வந்து இறங்கிய நாளும் இந்தியாவில் இருந்த நாளாகத்தான் தாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதனால் ஜூன் 5, டிசம்பர் 24, மார்ச் 12. இன்னும் மூன்று. 190 என்பது 184 ஆனது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. 184 போதுமே! அதையே டைப் பண்ணி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "2024 லீப் வருஷம் தம்பி. பிப்ரவரி 29 உண்டு. 366-ல 184 போனா 182."

என்ஜின் ரூமுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு நாள். 11-ஆம் தேதி கிளம்பியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு, பிறகுதான் தெரிந்துகொண்டேன். எக்செல்லுக்கு 1900-ஆம் ஆண்டு லீப் வருஷம். உண்மையில் அது லீப் வருஷம் இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழையை, அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே வைத்துக்கொண்டார்கள். இல்லாத பிப்ரவரி 29-ஐ எக்செல் எண்ணியது, இருந்த பிப்ரவரி 29-ஐ நான் விட்டுவிட்டேன்.

நம்ப முடியாமல் வீட்டுக்குக் கூப்பிட்டேன். சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில், நான் வீட்டில் இருக்கும் நாட்களை மனைவி பேனாவால் வட்டம் போட்டு வைப்பாள். பால்காரருக்குக் கணக்கு வேண்டும், நான் இருந்தால் அரை லிட்டர் அதிகம். பழைய காலண்டரை எடுத்து எண்ணச் சொன்னேன். "ஏங்க, ஜூன் அஞ்சுல இருந்து செப்டம்பர் பதினாலு வரைக்கும் நூத்தி ரெண்டு. டிசம்பர் இருபத்தி நாலுல இருந்து மார்ச் பன்னெண்டு வரைக்கும் எண்பது." 182. நான் ஆறு வரியும் ஃபார்முலாவும் போட்டுத் தப்பாகக் கண்டுபிடித்ததை, அவள் இரண்டே வரியில், போனைக் காதில் வைத்துக்கொண்டே சரியாகச் சொல்லிவிட்டாள். இதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. ஒரு கணக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுப் பாருங்கள். வெளியே இருந்த நாட்கள் தனி, உள்ளே இருந்த நாட்கள் தனி. இரண்டையும் கூட்டினால் ஆண்டின் மொத்த நாட்கள் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு நாள் இரட்டிப்பாகியிருக்கிறது அல்லது தொலைந்திருக்கிறது. மொத்த நாட்களையும் 365 என்று கையால் எழுதாதீர்கள். மார்ச் 31-இலிருந்து ஏப்ரல் 1-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டச் சொல்லுங்கள், லீப் வருஷத்தை எக்செல்லே பார்த்துக்கொள்ளும். அடுத்து இது வரப்போவது 2027-28 நிதியாண்டில். எங்கள் ஆட்கள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்; அந்த ஆண்டுக்கு எண் 185.

பணத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ரூபாய்க் கணக்கில் 24 லட்சம். நிலையான கழிவு 50,000 போக, புதிய வரி முறையில் செஸ்ஸோடு சேர்த்து 4,21,200. முன்கூட்டி வரி கட்டவில்லை என்பதற்கு வட்டி 38,118. கோவிட் சமயத்தில் இரண்டு வருஷம் கரையிலேயே கிடந்ததால், உள்நாட்டுவாசிக்கும் என்.ஆர்.ஐ.-க்கும் இடைப்பட்ட நிலைக்காரர் என்று கேட்கவும் வழி இல்லை. வந்து இறங்கிய நாளைச் சேர்க்கக் கூடாது என்று வாதாடி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள், நாமும் போகலாம், ஆனால் வருஷக் கணக்கில் இழுக்கும் என்றார் அண்ணாச்சி. ஜூலை 31 கடைசி நாள். வீட்டு மாடி கட்டுவதற்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டச் சொன்னேன். மாடி இன்னும் கட்டவில்லை, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அதன் பிறகு கிடைத்த ஓய்வு நேரத்தில் எல்லாம் அந்த ஷீட்டைப் பிரித்துப் போட்டேன். தேதி இடைவெளிகளைச் சேர்ப்பது என்றால் கூட்டல் இல்லை என்பது புரிவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. இரண்டு பாயை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரித்தால் மூடப்பட்ட தரையின் அளவு இரண்டு பாயின் அளவையும் கூட்டியது ஆகாதே. முதலில் ஒவ்வொரு வரியையும் நிதியாண்டுக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கத் தேதி, ஏப்ரல் 1 இரண்டையும் மேக்ஸ் ஃபங்ஷனில் கொடுத்தால் எது பிந்தியதோ அது வரும். முடிவுத் தேதி, மார்ச் 31 இரண்டையும் மின் ஃபங்ஷனில் கொடுத்தால் எது முந்தியதோ அது வரும். இந்த இரண்டும் புதுத் தொடக்கம், புது முடிவு. வேறு ஆண்டைச் சேர்ந்த வரியாக இருந்தால் கழித்தல் எண் வரும். அதனால் கடைசிக் கணக்கை ஒரு மேக்ஸுக்குள் பூஜ்ஜியத்தோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள், கழித்தல் எண் எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும்.

அடுத்துதான் முக்கியமான வேலை. எல்லா வரிகளையும், சி.டி.சி. வரியோ, பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எழுதிய வரியோ, ஒரே பட்டியலில் கொட்டித் தொடக்கத் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். வரிசைப்படுத்தாமல் இந்த முறை வேலை செய்யாது. பிறகு ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு மேலே உள்ள வரிகள் எந்தத் தேதி வரை ஏற்கெனவே எண்ணி முடித்துவிட்டன? அந்தத் தேதிக்கு மறுநாள், இந்த வரியின் தொடக்கம், இரண்டில் எது பிந்தியதோ அங்கிருந்துதான் இந்த வரி எண்ண ஆரம்பிக்க வேண்டும். என் கணக்கில் சி.டி.சி. வரி டிசம்பர் 20 வரை எண்ணிவிட்டது. பாஸ்போர்ட் வரி டிசம்பர் 23 வரை போகிறது. அப்படியானால் அது 21, 22, 23 என்று மூன்று நாளை மட்டும் சேர்க்கும். முழுக்க உள்ளே அடங்கிய வரி பூஜ்ஜியம் சேர்க்கும்.

இதிலும் ஒரு தடவை வழுக்கினேன். மேலே உள்ள வரி என்றால் ஒட்டி மேலே இருக்கும் ஒரு வரியை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். 2023-24-க்குச் சரியாக வந்தது. பழைய ஆண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது மொத்தம் கன்னாபின்னாவென்று ஏறியது. காரணம், அந்த ஆண்டு ஒரே பயணத்தில் இரண்டு கப்பல் மாறினேன். பாஸ்போர்ட் வரி ஐந்து மாதத்துக்கு நீண்டது, அதற்குள் முதல் கப்பல் ஒரு வரி, இரண்டாம் கப்பல் ஒரு வரி. இரண்டாம் கப்பலின் வரி தனக்கு ஒட்டி மேலே இருந்த முதல் கப்பலை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கும் மேலே ஐந்து மாத வரி இருப்பதை மறந்து, எல்லா நாளையும் மறுபடி எண்ணிவிட்டது. ஆகவே முதல் வரியிலிருந்து மேல் வரி வரையிலான எல்லா முடிவுத் தேதிகளிலும் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். மேக்ஸ் ஃபங்ஷனில் வீச்சைக் கொடுக்கும்போது முதல் செல்லுக்கு மட்டும் டாலர் குறி போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டாவது செல்லைப் பூட்டாமல் விட்டால், கீழே இழுக்க இழுக்க வீச்சு தானாக வளரும். தலைப்பு வரியையே முதல் செல்லாக வைத்துக்கொள்ளலாம். செல்லில் இருக்கும் எழுத்தை மேக்ஸ் கண்டுகொள்ளாது.

ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் என் ஆறு நாளும் போனது ஓரத்தில்தான். சி.டி.சி.-யில் ஏறிய நாள், இறங்கிய நாள் இரண்டும் வெளிநாட்டு நாளாகவே போகும். அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1962 வருமான வரி விதிகளில் 126-ஆவது விதி இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கப்பலுக்கு அப்படித்தான் சொன்னது. முந்த்ராவில் எனக்கு பாஸ்போர்ட் முத்திரை விழுந்தது செப்டம்பர் 18-இல், ஆனாலும் 15-இலிருந்து எண்ணியது இதனால்தான். விமானப் பயணத்துக்கு, அண்ணாச்சி கணக்கில், நேர்மாறு. கிளம்பிய நாளும் வந்த நாளும் இந்தியாவுக்கு. ஒரே ஷீட்டில் இரண்டு விதமான ஓரம். இதை மனதில் வைத்துக்கொண்டு எழுத முடியாது. இப்போது பாஸ்போர்ட் முத்திரையை ஒரு பத்தியில் உள்ளபடியே எழுதிவிட்டு, பக்கத்துப் பத்தியில் தொடக்கத்துக்கு ஒரு நாள் கூட்டி, முடிவுக்கு ஒரு நாள் கழித்து வைக்கிறேன். ஃபார்முலா இந்தப் பக்கத்துப் பத்தியை மட்டும்தான் பார்க்கும். உங்கள் விஷயம் வேறாக இருக்கலாம், வாடகை, விடுமுறை, அனுபவச் சான்றிதழ் என்று. எதுவானாலும் இரண்டு ஓர நாளும் உள்ளேயா வெளியேயா என்று முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேதியை அடிப்பதிலேயே இன்னொரு தலைவலி. என் லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. 05/06/2023 என்று அடித்தால் மே 6 ஆகிவிடும். 24/12/2023 என்றால் இருபத்து நான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். முதல் வகைதான் ஆபத்து, பார்த்தால் தெரியாது. இரண்டாவது செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உண்மையான தேதி வலது ஓரத்தில் நிற்கும். நம்மூர்ப் பழக்கத்தில் புள்ளி வைத்து 02.06.2023 என்று அடித்தாலும் என் லேப்டாப்பில் எழுத்தாகத்தான் நின்றது. இப்போது நான் மாதத்தை எண்ணாக அடிப்பதே இல்லை. ஜூன் என்பதன் ஆங்கில மூன்றெழுத்தை அடித்துவிடுவேன். முடிவுத் தேதி இன்னும் வராத வரியும் தொல்லைதான். கப்பலில் இருக்கும்போது இறங்கும் தேதி காலி. காலியை எக்செல் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு மைனஸ் 45365 நாள் என்று காட்டியது. பதறிப்போய் மார்ச் 31 என்று கையால் எழுதிவிட்டேன், அது அடுத்த ஆண்டுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. காலியாக இருந்தால் மார்ச் 31, இல்லாவிட்டால் அந்தத் தேதி என்று ஒரு இஃப் போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

அண்ணாச்சிக்கு அனுப்ப, சேர்த்து முடித்த இடைவெளிகளை ஒரே செல்லில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று காட்டலாம் என ஆசைப்பட்டு இரண்டு செல்லை ஆம்பர்சண்ட் குறியால் ஒட்டினேன். "45184 முதல் 45283 வரை" என்று வந்தது. அவர் "இது என்ன தம்பி, லாட்டரி நம்பரா?" என்றார். எக்செல்லுக்குத் தேதி என்பது உள்ளே வெறும் எண்தான், ஒட்டும்போது சட்டையைக் கழற்றிவிடுகிறது. ஒவ்வொரு தேதியையும் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் போட்டு, நாளுக்கு இரண்டு டி, மாதத்துக்கு இரண்டு எம், ஆண்டுக்கு நான்கு ஒய் என்று மேற்கோள் குறிக்குள் வடிவம் கொடுத்தால் 15-09-2023 முதல் 23-12-2023 வரை என்று ஒழுங்காக வரும்.

இப்போது ஷீட்டின் உச்சியில் பெரிதாக ஒரே ஒரு செல் வைத்திருக்கிறேன். மார்ச் 31-க்குள் இன்னும் எத்தனை நாள் இந்தியாவில் இருக்கலாம் என்று அது காட்டும். பத்துக்குக் கீழே போனால் சிவப்பு. பச்சை வண்ணம் எந்தச் செல்லிலும் கிடையாது. மனைவியின் காலண்டர் வட்டங்களையும் மாதா மாதம் போனில் கேட்டு ஒரு பத்தியில் போடுகிறேன், பால் கணக்கோடு என் கணக்கு ஒத்துப்போகிறதா என்று. இந்த வருஷம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு ஒரு தேதி சொன்னார்கள். ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு நாள் முன்னதாகவே டிக்கெட் போட முடியுமா என்று நானே கேட்டேன்.